புகை போகும் வழி

நவம்பர் 9, ஞாயிறு

இன்று முழுக்கப் படுக்கைதான். மேலே தங்கை வதனியின் கணவர் தயாபரனோடு வேலை செய்பவர்கள் குடும்பமாக வந்திருந்தார்கள். வதனி காலையிலிருந்தே சமைத்துக்கொண்டிருந்தாள். குசினியில் புகை உறிஞ்சும் காற்றாடி விடாமல் இரைந்தது. மத்தியானம் படியின் உச்சியில் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, சாப்பிட வாங்கோவன். எல்லாரும் உங்களைக் கேக்கினம்."

"தலையிடிக்குது பிள்ளை. நீங்கள் சாப்பிடுங்கோ."

கதவு மூடப்பட்டது. பிறகு யாரோ பகிடி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நேராக என் நெற்றியில் வந்து இடித்தது.

தங்கையின் வீட்டு நிலவறையில் இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். கனடாவின் இந்த ஸ்காபரோக் குளிர் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன இரண்டு வருடமும் உடம்பு இப்படிக் கனத்ததில்லை. நாற்பத்தெட்டு வயதில் இப்படித்தான் தொடங்குமோ என்னவோ.

நவம்பர் 12, புதன்

வேலை. சாப்பாட்டுக் கடைக் குசினியில் முந்நூறு றோல்ஸ் சுற்றினேன். பக்கத்தில் நின்ற பூமணி அக்கா, "என்ன பவளம், வரேக்க செத்த கோழி மாதிரி வாறாய், பத்து மணிக்குப் பிறகு ஆள் மாறிப் போறாய்" என்றா. உண்மைதான். அங்கே நாலு அடுப்பு எரிகிறது, எண்ணெய் கொதிக்கிறது, இருந்தும் தலை தெளிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலத்தில் பழையபடி.

நவம்பர் 16, ஞாயிறு

என் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அப்பால் ஃபேர்னஸ் அறை. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் சுடுதண்ணித் தாங்கியும் அங்கே நிற்கின்றன. போன மாதம் ஃபேர்னஸை மாற்றினார்கள். பழையது எரியத் தொடங்கினால் கட்டில் அதிரும். புதியது எரிகிறதா என்று காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அதிலிருந்து இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் பக்கச் சுவரைத் துளைத்து வெளியே போகின்றன. செங்கல் புகைபோக்கி இப்போது அதற்குத் தேவையில்லையாம். தாங்கியை மட்டும் தொடவில்லை. அதன் புகை பழையபடி அந்தப் புகைபோக்கியில்தான் போகிறது.

அந்த அறைக்குள் வெளியிலிருந்து காற்றுக் கொண்டுவரும் குழாய் ஒன்று நிலம் வரை தொங்குகிறது. அதால் வரும் குளிர் கதவிடுக்கால் புகுந்து என் காலைப் பிடிக்கிறது. வதனியிடம் ஒருக்காச் சொன்னேன், அவ்வளவுதான். தயாபரன் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்தவர், வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கினார். முழங்காலில் இருந்து, பழைய தலையணை ஒன்றை அந்தக் குழாய்க்குள் திணித்து, நாடாவால் சுற்றி ஒட்டினார். ஃபேர்னஸ் அறைக் கதவின் அடியிலும் பஞ்சுப் பட்டி வைத்தார்.

"இனிக் குளிராது மச்சாள். இன்னும் குளிர்ந்தால் சொல்லுங்கோ, பாப்பம்."

தேத்தண்ணி கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். களைப்பில் கண் இரண்டும் சிவந்திருந்தது. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மூன்று குளிர்காலமாக ஒரு பெயரும் சொல்லாமலே கதைத்து வருகிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

குளிர் இல்லை. தலையிடி இருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

யன்னல் கண்ணாடி அழுகிறது. இரண்டு துவாய் நனையத் துடைத்தேன், திரும்ப வழிகிறது. சுவரின் மூலையில் பூஞ்சணம். மேலே ஏதோ பிறந்தநாள். ஆட்கள் வருவதற்கு முதல் வீட்டிலிருந்தவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள், உடுப்பு மெஷினும் உலர்த்தும் மெஷினும் ஓடின. சுவருக்கு அப்பால் தாங்கி எரிந்துகொண்டே இருந்தது. மேலே போகலாம் என்று சீலை எடுத்து வைத்தேன். உடுக்கக் குனிந்தபோது கண் இருண்டது. சீலையை மடித்துத் திரும்ப வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

படியடியில் செருகியிருந்த வாயு அறிவிப்புப் பெட்டி கத்தத் தொடங்கியது. வதனி மேலே மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். தயாபரன் வந்து கழற்றித் திருப்பிப் பார்த்தார்.

"இது காலம் முடிஞ்ச சாமான். இந்த வீடு வாங்கேக்க இருந்தது. கறி தாளிச்சாலும் கத்தும். புதுசு ஒண்டு வாங்கியாறன்."

பெட்டியைக் கொண்டுபோனார். சத்தம் நின்றது பெரிய ஆறுதல்.

டிசம்பர் 18, வியாழன்

டொக்டரிடம் போனேன். வதனி அரை நாள் லீவு எடுத்துக் கூட்டிப் போனாள். இரத்த அழுத்தம் சரி, கண் சரி. அவர் நிறையக் கேள்வி கேட்டார், வதனி மொழிபெயர்த்தாள். கணவர் இறந்து எவ்வளவு காலம், நித்திரை எப்படி, அழுகை வருமா, இங்கே கூட்டாளிகள் உண்டா. கடைசியில், குளிர்காலத்தில் வெயில் இல்லாததாலும் மனத்தாலும் இப்படி வரும் என்றார். ஒரு வைட்டமினும், நித்திரைக்கு முன் போட ஒரு குளிசையும்.

காரில் வரும்போது வதனி, "மனசுதான் அக்கா காரணம். நீங்கள் ஆக்களோட சேர வேணும். தனியக் கிடந்தால் கூடத்தான் செய்யும்" என்றாள். பிறகு வீடு வரும்வரை வானொலியைக் கேட்டபடி வந்தோம்.

டிசம்பர் 25, வியாழன்

நத்தார், கிறிஸ்மஸ் விடுமுறை. தயாபரன் பக்க ஆட்கள் எல்லாரும் மேலே. காலையிலிருந்து அடுப்பும் காற்றாடியும் ஓய்வதாயில்லை. நான் கத்தரிக்காய் வெட்டிக் கொடுத்தேன், கொஞ்ச நேரம் மேலே நின்றேன், நன்றாகத்தான் இருந்தது. உடுப்பு மாற்றக் கீழே வந்து, சற்றுச் சாய்வோம் என்று கட்டிலில் சாய்ந்தேன். பிறகு எழும்ப முடியவில்லை. குளியலறைக்குத் தவழ்ந்து போய்ச் சத்தி எடுத்தேன்.

வதனி வந்தாள். புதுச் சீலை, கழுத்தில் அட்டியல். வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்டு கேக்கட்டே அக்கா? குறை நினைக்காதேங்கோ. எங்கட வீட்டுக்கு ஆக்கள் வந்தால் மட்டும் உங்களுக்குத் தலையிடி வருது. அது என்னண்டு?"

அவள் வாளியையும் துவாயையும் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

அவள் கேட்டது சரி. நான் கணக்குப் பார்க்காமல் விட்டதை அவள் பார்த்திருக்கிறாள். அவள் வீட்டில் சிரிப்புக் கேட்கும் நாளில்தான் எனக்கு மண்டை பிளக்கிறது. தயாபரனின் சாதகம் முதலில் எனக்குத்தான் வந்தது. கனடா மாப்பிள்ளை. செவ்வாய் பொருந்தவில்லை என்று இரண்டு மாதத்தில் அதே சாதகத்தை வதனிக்குப் பார்த்தார்கள், பொருந்திற்று. அவளுக்கு அது தெரியாது, அம்மா சொல்லவில்லை. எனக்கும் அதில் ஒன்றும் இல்லை. நான் பிறகு கலியாணம் கட்டினேன், நல்ல மனிசன், பன்னிரண்டு வருடம் இருந்தார். பழையதை யாராவது வயிற்றில் வைத்திருப்பார்களா? நான் வைத்திருக்கவில்லை. என் தலைதான் வைத்திருக்கிறது போல.

டிசம்பர் 26, வெள்ளி

எழும்பவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

பூமணி அக்கா தன் அப்பார்ட்மென்ட்டுக்குக் கூட்டிப் போனா. இரண்டு இரவு தங்கினேன். வதனி, "போயிட்டு வாங்கோ, நல்லது" என்றாள். அவளுக்கும் ஒரு மூச்சு விட்டது போல இருந்திருக்கும்.

அங்கே தலையிடி வரவேயில்லை. இடியப்பம் அவித்துத் தின்றோம். பூமணி அக்கா தன் மருமகளைத் திட்டத் திட்ட நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காலையில் எழும்பியபோது உடம்பு சின்ன வயதில் இருந்தது போல இலேசு.

ஆக, சந்தேகமே இல்லை. என் தங்கையின் வீடுதான் எனக்கு நோய். அவள் தந்த கட்டில், அவள் தந்த சோறு, இந்த நாட்டில் இருக்க அனுமதி கேட்டு நான் போட்ட விண்ணப்பத்துக்கு அவள் எழுதிய கடிதம். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு அவளைக் காணச் சகிக்காமல் இருக்கிறேன். இப்படி ஒரு பிறவி.

பின்னேரம் திரும்பி வந்தேன். இப்போது நெற்றிப் பொட்டில் தொடங்குகிறது.

ஜனவரி 10, சனி

பஸ்ஸில் நித்திரையாகி இரண்டு தரிப்பு தாண்டிப் போய்விட்டேன். பனியில் நடந்து வந்தேன். நடக்கும்போது நன்றாக இருந்தது.

ஜனவரி 16, வெள்ளி

நேற்றுப் பொங்கல். மேலே சிறிதாகப் பொங்கினார்கள். பெரிய விருந்து நாளைச் சனிக்கிழமைக்கு. முப்பது பேர் வருகிறார்கள்.

காலையில் ஃபேர்னஸ் அறைக் கதவுக்கடியால் தண்ணீர் கசிந்து என் கம்பளத்துக்கு வந்தது. தயாபரன் பதறிப்போய் ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் கிளமென்ற், மன்னார்க்காரர், வாயு வேலைக்கு லைசன்ஸ் உள்ளவர். ஐம்பது வயதிருக்கும். விடிய ஐந்து மணியிலிருந்து இது நாலாவது வீடாம். கதைக்கவே அலுப்பாக இருந்தது அவருக்கு. புது ஃபேர்னஸிலிருந்து தண்ணீர் வடியும் சின்னக் குழாய் அடைத்திருந்தது. ஊதிச் சுத்தமாக்கிப் பூட்டினார். பத்து நிமிட வேலை.

சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர் தாங்கிக்கு முன்னால் நின்றார். அதன் தலையில் தண்ணீர்க் குழாய்களைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையங்களை விரலால் தொட்டார். இரண்டும் உருகி நெளிந்திருந்தன. சுற்றிவரத் துரு.

"இது எவ்வளவு நாளா இப்பிடி?"

"அது பழைய தாங்கிதானே அண்ணை. வேலை செய்யுது" என்றார் தயாபரன்.

"மேல போய்க் குசினிக் காற்றாடியையும் உடுப்பு உலர்த்துற மெஷினையும் போட்டுவிடுங்கோ. ஒரு பைப்பில சுடுதண்ணியையும் திறந்துவிடுங்கோ."

தாங்கி எரியத் தொடங்கியது. அதன் தலையில், நெருப்புக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில், தொப்பி போல ஒரு தகரம் உண்டு. கிளமென்ற் சட்டைப் பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து அந்தத் தொப்பியின் விளிம்பில் பிடித்தார். ஒரு கணத்தில் கண்ணாடி வெளிறி ஆவி படிந்தது. அவர் இடுப்பிலிருந்த வாயு அளக்கும் கருவி கத்தத் தொடங்கியது. அவருடைய அலுப்பு எங்கே போனதோ தெரியாது. வாயுக் குழாயின் பிடியைச் சட்டென்று குறுக்கே திருப்பினார், தாங்கி அணைந்தது.

"புகை மேல போகேல்லை. மணமில்லாத நஞ்சு வாயுவோட இங்கதான் கொட்டுது" என்றார். "முந்தி ஃபேர்னஸும் தாங்கியும் சேந்து அந்தப் புகைபோக்கிக்குள்ள விட்டுது. ஃபேர்னஸின்ர சூட்டில புகைபோக்கி சூடாக் கிடந்தது, எல்லாம் இழுபட்டு மேல போனது. இப்ப ஃபேர்னஸ் அதுக்குள்ள விடேல்லை. அவ்வளவு பெரிய செங்கல் கிணறு, வெளிச்சுவர், பனி. இந்தச் சின்னத் தாங்கியின்ர புகை அதுக்குள்ள போய்க் குளிர்ந்து, பாரமாகித் திரும்பி விழுது. ஃபேர்னஸ் பூட்டினவன் இதுக்கெண்டு அளவாக் குழாய் இறக்கியிருக்க வேணும்."

பிறகு நிலத்தைப் பார்த்தார். தலையணை திணித்த குழாய்.

"உதை ஆர் அடைச்சது? எரியிறதுக்குக் காத்து வாற வழி அது."

தயாபரன் தலையணையைப் பார்த்தார். முகம் சாம்பலாகிப் போனது.

"நான்தான்" என்றேன். "குளிருது எண்டு அடைச்சனான்."

கிளமென்ற் தலையணையை இழுத்து எடுத்தார். கருவியைப் பிடித்தபடி என் அறைக்குள் நடந்து, கட்டிலடியில் நின்று அதைப் பார்த்தார்.

"இங்க ஆர் படுக்கிறது?"

"நான்."

"தலையிடி, சத்தி, கால் சோர்வு, அப்பிடி ஏதும்?"

தயாபரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை" என்றேன்.

கிளமென்ற் ஃபேர்னஸ் அறைக்குத் திரும்பிப் போனார். தாங்கியில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார். "செவ்வாய்க்கிழமை ஆளோட வந்து குழாய் இறக்கித் தாறன். அதுவரைக்கும் கொளுத்தாதேங்கோ. ஃபேர்னஸ் பிரச்சினை இல்லை, அதின்ர புகை வேற வழியாப் போகுது. சுடுதண்ணிதான் வராது." படியேறும்போது திரும்பி என்னிடம் மட்டும், "ஒருக்கா ஆஸ்பத்திரியில இரத்தம் சோதிச்சுப் பாருங்கோ" என்றார்.

ஏன் இல்லை என்று சொன்னேன்? தெரியவில்லை. களைப்பு.

ஜனவரி 17, சனி

நேற்றிரவு நித்திரை நன்றாக வந்தது. காலையில் கண் விழித்தபோது சுவருக்கு அப்பால் அந்தச் சத்தம். முதலில் ஒரு குபுக், பிறகு சீரான இரைச்சல். தாங்கி எரிகிறது.

போய்ப் பார்த்தேன். அட்டை தொங்கியபடி இருந்தது. வாயுப் பிடி திறந்திருந்தது. அறையின் சின்ன யன்னலைக் கொஞ்சம் நீக்கி ஒரு தடி கொடுத்திருந்தார்கள். தயாபரன் படியில் நின்றார்.

"இண்டைக்கு மட்டும் மச்சாள். முப்பது சனம். தலையணையும் எடுத்தாச்சு, யன்னலும் திறந்து கிடக்கு. பின்னேரம் நிப்பாட்டிப் போடுவன்."

நான் தலையாட்டினேன். அவர் இரவு வேலை முடித்து வந்து இன்னும் படுக்கவில்லை. போய்க் கட்டிலில் இருந்தேன். இவ்வளவு நாள் இருந்ததுதானே, இன்னொரு நாள்தானே என்றுதான் நினைத்தேன். மேலே போய்விடுவோம், தேங்காய் திருவிக் கொடுப்போம் என்று எழும்பினேன்.

மேலே போய்ச் சமையலில் நின்றேன். காற்றாடி இரைந்தது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வதனி கைகழுவியபடி வந்தவர்களிடம் சொன்னாள்: "பிள்ளையளைக் கீழ விடுங்கோ. அக்காவின்ர அறையில ரீவி இருக்கு, கட்டில் இருக்கு. சின்னவன் நித்திரை எண்டால் அங்க வளத்திவிடுங்கோ."

எப்போதும் அப்படித்தான். விருந்து என்றால் பிள்ளைகள் என் அறையில். ஐந்து பேர் தடதடவென்று இறங்கிப் போனார்கள். கடைசியாக ஒரு தாய் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினா.

திருவலையை விட்டுவிட்டு அவவுக்குப் பின்னால் போனேன். யாரோடும் கதைக்கவில்லை. ஃபேர்னஸ் அறைக்குள் போய் கிளமென்ற் செய்தது போல அந்தப் பிடியைக் குறுக்கே திருப்பினேன். இறுக்கமாக இருந்தது, இரண்டு கையாலும் திருப்பினேன். தாங்கி அணைந்தது. பிறகு அறைக்குள் வந்து, "எல்லாரும் மேல வாங்கோ. இங்க இருக்கக் கூடாது" என்றேன். குழந்தையோடு நின்ற தாய் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தா.

நான் போட்ட சத்தத்தில் வதனி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் தயாபரன், அவருடைய தமையன், இன்னும் நாலைந்து பேர்.

"என்னக்கா இது? இண்டைக்குத்தான் உங்களுக்கு நேரம் கிடைச்சதே?"

"தாங்கி நச்சு வாயுவை உள்ளுக்க விடுது. பிள்ளையளை இங்க விடாதே. நான் பூட்டிப்போட்டன்."

"அவர் பாத்துத்தானே போட்டவர். அந்தாள் காசுக்காகச் சொல்லுறான் எண்டு உங்களுக்கு விளங்காதே?"

தயாபரன் மெதுவாகச் சொன்னார். "மச்சாள், நேற்று அவர் தலையிடி இருக்கோ எண்டு கேக்கேக்க நீங்கள் இல்லை எண்டனீங்கள்."

"பொய் சொன்னனான்" என்றேன். "கார்த்திகையிலயிருந்து இருக்கு. சத்தியும் இருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் கட்டிலில செத்துப் பிழைக்கிறன். என்ர குணம்தான் அப்பிடி எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தனான்."

எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வதனியின் கண் நிறைந்தது. இரக்கத்தில் அல்ல, அவமானத்தில். எனக்கு அது நன்றாக விளங்கியது.

தயாபரன் குனிந்து கைக்குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கினார். மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, "வாங்கோ, மேல ஓடுவம்" என்றார். பிறகு பெரிய சட்டி இரண்டை அடுப்பில் வைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்தார். விருந்து நடந்தது. நான் கடைசிவரை சிங்கில் நின்று பாத்திரம் கழுவினேன். வதனி எச்சில் பாத்திரங்களைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனாள்.

ஜனவரி 18, ஞாயிறு

தயாபரன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நீண்ட நேரம் காத்திருந்தோம். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். நேற்றே அணைத்துவிட்டபடியால் இவ்வளவு நேரத்தில் உடம்பிலிருந்து போயிருக்கும், முன்பு எவ்வளவு இருந்ததென்று இனிச் சொல்ல முடியாது என்றா அந்த டொக்டர்.

வீட்டுக்கு வந்ததும் வதனி கேட்டாள்: "என்னவாம்?"

"ஒண்டும் இல்லையாம்" என்றேன்.

"ம்" என்றாள்.

தயாபரன் ஏதோ சொல்ல வந்தார். அவள் குசினிக்குள் போய்விட்டாள். அவர் என் பக்கம் திரும்பி, "தலையணையை நான் வைச்சது எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டன்" என்றார். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

கிளமென்ற் இன்னொருவரோடு வந்தார். தயாபரன் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. வதனி லீவு போட்டு நின்றாள். நானும் வேலைக்குப் போகவில்லை.

முதலில் அளந்தார். தாங்கியின் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டை வாசித்து அது எவ்வளவு சூட்டை எரிக்கிறது என்று பார்த்தார். புகைபோக்கியின் உயரத்தைக் கூரையிலிருந்து நாடா இறக்கி அளந்தார். தாங்கியிலிருந்து சுவர் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தார். பிறகு கசங்கிய புத்தகம் ஒன்றை விரித்து, கட்டம் கட்டமாக இருந்த பக்கத்தில் விரலை ஓட்டினார்.

வதனி படியில் நின்று கேட்டாள். "பெரிய குழாயாப் போடலாம்தானே? பெருசெண்டால் வடிவா வெளியில போகும்."

"அதுதானே தங்கச்சி இப்ப நடந்த பிழை. புகைக்கு மேல ஏறுற பலம் சூட்டிலதான் இருக்கு. குழாய் பெருசெண்டால் சூட்டை அது குடிச்சுப்போடும். சின்னனெண்டால் அடைச்சு இங்கால தள்ளும். எரியிற அளவுக்கும் ஏறுற உயரத்துக்கும் சரியா வேணும். உங்கட தாங்கிக்கு நாலு அங்குலக் குழாய்."

வதனி உதட்டைச் சுழித்தாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. கிளமென்ற் அதைக் கண்டுகொண்டார்.

"வீட்டில ஊதுபத்தி இருக்கோ?"

அவள் சாமியறையிலிருந்து ஒன்று கொண்டுவந்தாள். அவர் அதைக் கொளுத்தி அவள் கையிலேயே கொடுத்தார். மேலே காற்றாடியையும் உலர்த்தும் மெஷினையும் போடச் சொல்லி என்னை அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது தாங்கியைக் கொளுத்தியிருந்தார். வீட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தால் உண்மை தெரியாது, அதனால் ஒரு நிமிடம் மட்டும் என்றார்.

"அந்தத் தகரத் தொப்பியின்ர விளிம்பில பிடியுங்கோ. புகை உள்ள இழுபட வேணும்."

வதனி பிடித்தாள். ஊதுபத்திப் புகை விளிம்பை நோக்கிப் போகவில்லை. உள்ளேயிருந்து யாரோ ஊதுவது போல அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. அவள் கையைக் கொஞ்சம் நகர்த்தினாள். திரும்பவும் முகத்துக்கு. கிளமென்ற் தாங்கியை அணைத்தார்.

அவள் ஊதுபத்தியைப் பிடித்தபடியே நின்றாள். சாம்பல் அவள் சீலையில் விழுந்தது.

"காற்றாடி ஓடினால் கூடவோ?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"ஓம். அது வீட்டுக் காத்தை இழுத்து வெளியில விடுது. அந்தக் காத்து எங்கயாவது இருந்து வர வேணும்தானே. புகைபோக்கியால கீழ வரும், புகையையும் கொண்டுவரும். கனபேர் குளிச்சு, சமைச்சு, உடுப்புத் தோய்க்கிற நாள் எண்டால் சொல்லத் தேவையில்லை."

"ஆக்கள் வாற நாள்" என்றாள் வதனி. அவரிடம் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

பிறகு அவள் என் அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தாள். அவர்கள் வேலையை முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். கூரையில் ஒருவர் பனியை வழித்துத் தள்ளிவிட்டு, நெளியக்கூடிய அலுமினியக் குழாயைப் புகைபோக்கியின் வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கீழே கிளமென்ற் அதன் நுனியைப் பிடித்து இழுத்தார். உரசும் சத்தம் சுவருக்குள்ளால் இறங்கி வந்தது. பழைய துருக்குழாய் இரண்டு முழங்கை வளைவோடு சுற்றிக்கொண்டு போனது. அதை எறிந்துவிட்டு, ஒரே வளைவில், சுவரை நோக்கி மெல்ல ஏறிப் போகும்படி புதிதாகப் பூட்டினார். காற்று வரும் குழாயின் நுனியை ஒரு வாளிக்குள் விட்டார். குளிர் வாளிக்குள் தங்கும், வேண்டிய காற்று மட்டும் மேலால் வழியும் என்றார். புதிய அறிவிப்புப் பெட்டி ஒன்றை என் கட்டிலுக்குப் பக்கத்தில் பூட்டினார்.

திரும்பக் கொளுத்தி, காற்றாடியும் மெஷினும் ஓட, ஊதுபத்தியை அவரே பிடித்தார். புகை நூல் போல வளைந்து உள்ளே போனது. வதனியை வந்து பார்க்கச் சொன்னேன். "நீங்கள் பாத்தால் சரி அக்கா" என்றாள்.

ஜனவரி 25, ஞாயிறு

மத்தியானம் வரை யன்னலைத் துடைக்கவில்லை. துடைக்க ஈரம் இல்லை.

ஜனவரி 31, சனி

உடம்பு தேறுகிறது என்று சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு களைப்பு. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவனுக்குக் கை வலிப்பது போல. வதனி இப்போது ஒவ்வொரு நாளும் கீழே வந்து சாப்பாடு தந்துவிட்டுப் போகிறாள். சாப்பாட்டை வைத்துவிட்டு, கட்டிலடியில் இருக்கும் பெட்டியின் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். இரண்டு பேரும் கறி உறைப்பா இல்லையா என்று மட்டும் கதைக்கிறோம்.

பெப்ரவரி 8, ஞாயிறு

இன்று திரும்பவும் ஆட்கள். ஆறேழு பேர்தான். காலையிலிருந்து சமையல், குளியல், காற்றாடி. சுவருக்கு அப்பால் தாங்கி எரிந்தது. நான் கட்டிலில் இருந்து காத்திருந்தேன். நெற்றிப் பொட்டில் ஒன்றும் தொடங்கவில்லை.

ஆட்கள் வர முன் வதனி வந்தாள். கையில் கடலைப்பருப்புச் சுளகு. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் இருந்து கல் பொறுக்கத் தொடங்கினாள். நானும் கை கொடுத்தேன்.

"நான் அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். "நத்தார் நாளில."

"விடு."

"எல்லாம் அந்தப் புகை செய்த வேலை, என்னக்கா? நீங்கள் மேல வராததும், ஆக்களோட சேராததும். நான் புதுசா ஒண்டு உடுத்தால் பாக்காமல் திரும்பிறதும். நான்தான் பிழையா விளங்கிக்கொண்டன்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அதோடு எல்லாவற்றையும் அந்தப் புகைபோக்கியின் தலையில் கட்டிவிட்டு இரண்டு பேரும் எழும்பியிருக்கலாம். அவளுக்கும் அதுதான் தேவையாக இருந்தது.

"தலையிடியும் சத்தியும் புகையால, வதனி" என்றேன். "மற்றது நான்."

அவள் கை சுளகில் நின்றது. மேலே தயாபரன் யாருக்கோ ரெலிபோனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார், இடப் பக்கம் திரும்புங்கோ, பிறகு வலம்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அவரின்ர சாதகம் முதல் உங்களுக்குத்தான் வந்தது எண்டும் தெரியும். கலியாணத்துக்கு முதலே சித்தி சொன்னவ. தெரிஞ்சுகொண்டுதான் ஓம் எண்டனான். பத்தொன்பது வயது. அங்கயிருந்து வெளிக்கிட்டால் காணும் எண்டு இருந்தது."

நான் ஒரு கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பிறகு இன்னொன்று.

"உங்களை இங்க எடுப்பிச்சதும் அதாலதான் எண்டு நினைக்காதேங்கோ" என்றாள். "இல்லை. அதாலயும்தான்."

வாசல் மணி அடித்தது. மேலே கதவு திறந்து, ஆட்கள் சப்பாத்துப் பனியைத் தட்டும் சத்தம். அவள் சுளகைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். மூக்கை முன்றானையால் துடைத்தாள்.

"நீ போ. நான் முகம் கழுவிப்போட்டு வாறன்."

"வருவியளோ?"

"வாறன்."

முகம் கழுவினேன், சீலை மாற்றினேன், போனேன். வதனி எனக்கு இடம் வைத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தயாபரன் இருந்து, வந்தவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாருக்கும் சோறு போட்டபடியே அவர் தட்டில் அவருக்குப் பிடித்த மீன் துண்டைத் தேடி வைத்தாள். நான் பார்த்தேன். தலை இடிக்கவில்லை. மற்றது இருந்தது, நெஞ்சில், இருந்த இடத்திலேயே. அதோடு இருந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.